மண்ணா, செயற்கைப் புல்லா, கார்ப்பெட்டா: ஆர்.சி. பந்தயத்துக்கு எந்தத் தரை?

நாலைந்து பேர் சேர்ந்து, ரிமோட்டில் ஓடும் ஆர்.சி. கார்களுக்கு ஒரு ஆஃப்ரோடு ட்ராக் போடலாம் என்று உட்கார்ந்தால், ஜம்ப் எத்தனை, நேர்பாதை எவ்வளவு நீளம் என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். தரை என்ன என்ற கேள்வி கடைசியில் வரும். முதலில் பேச வேண்டியதே அதுதான். ஜம்பை இரண்டு மண்வெட்டியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால் மாற்றிவிடலாம். தரையை மாற்றினால் எல்லோருடைய டயரும் மாறும், பாதிப் பேருக்குக் காரே மாறும்.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 1/10 அளவில், அதாவது நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவில், ஓடும் பின்சக்கர இயக்க பக்கிகளை (கரடுமுரடான தரைக்கான பந்தயக் கார்களை) எடுத்துக்கொள்ளுங்கள். டீம் அசோசியேட்டட் நிறுவனம் தன் காரைப் பிடிமானம் அதிகமான தரைக்கு பி6, மண்ணுக்கு பி6டி என்று இரண்டாக விற்றது. எக்ஸ்ரே எக்ஸ்பி2 காரில் கார்ப்பெட் பதிப்பு, மண் பதிப்பு என்று தனித்தனிப் பெட்டி. டிஎல்ஆர் 22 5.0 காரிலும், யோகோமோ ஒய்இசட்-2 காரிலும் இதே பிரிவினை. பெயர் ஒன்றாக இருந்தாலும் கியர்பாக்ஸ் படுத்திருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா, மோட்டாரின் எடை எங்கே உட்காருகிறது என்பவை மாறிவிடும். பிடிமானம் அதிகமான தரையில் எடை தாழ்வாகவும் நடுவிலும் இருக்க வேண்டும். வழுக்கும் மண்ணில் அதே எடை பின்சக்கரத்தை அழுத்தினால்தான் கார் முன்னே நகரும். ஆகவே தரையை முடிவு செய்யும் குழு, தன் உறுப்பினர்கள் அடுத்த சில ஆண்டுகளில் என்ன வாங்குவார்கள் என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறது.

உலகப் போட்டிகளின் போக்கும் இதைக் காட்டுகிறது. 1985ல் கலிபோர்னியாவின் டெல் மாரில் முதல் 1/10 ஆஃப்ரோடு உலகப் போட்டி மண்ணில் நடந்தது. 2015ல் ஜப்பானின் யதாபே அரேனாவில் செயற்கைப் புல். 2019ல் ஸ்லோவாக்கியாவின் த்ரென்சீன் நகரில் கார்ப்பெட். இதைப் பார்த்து மண் பழசாகிவிட்டது என்று முடிவு கட்டத் தேவையில்லை. அமெரிக்காவில் இன்றும் மண் ட்ராக்குகள் உயிரோடு இருக்கின்றன. நைட்ரோ எஞ்சின் (மின்சாரத்தில் அல்லாமல் நைட்ரோ எரிபொருளில் ஓடுவது) போட்ட 1/8 பக்கிகளுக்கு இன்றும் இயல்பான வீடு மண்தான். ஒவ்வொரு ஊரும் தன் மழைக்கும் வெயிலுக்கும் கூரைக்கும் ஏற்றதைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். நாமும் அப்படித்தான் யோசிக்க வேண்டும்.

கணக்குக்காக ஓர் இடத்தை வைத்துக்கொள்வோம்: 25 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். 375 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய நாலாயிரம் சதுர அடி. 1/10 மின்சார பக்கிகள் ஓட இது போதும். 1/8க்கு இது நெருக்கடி. அதற்கு இதைப்போல் சில மடங்கு வேண்டும்.

மண்

மண் என்று ஒற்றைச் சொல்லில் சொன்னாலும் அதற்குள் நாலு தரை இருக்கிறது. உதிரியாக, ஈரமாக, டயர் புதைந்து கிளறும் தோட்ட மண் ஒன்று. இதற்கு உயரமான முள் வைத்த டயர். நன்றாக இடித்துக் கெட்டியாக்கி, மேலே லேசான புழுதி படிந்த தரை இன்னொன்று. அந்தக் கெட்டித்தரையில் கார்கள் ஓடி ஓடி, பந்தயக் கோட்டில் (எல்லோரும் வேகமாகப் போகத் தேர்ந்தெடுக்கும் தடத்தில்) டயர் ரப்பர் ஏறி, கருநீலமாகப் பளபளக்க ஆரம்பித்தால் அதை ப்ளூ க்ரூவ் என்கிறார்கள். கோட்டின் மேல் ஓடினால் கார் ஒட்டிக்கொண்டு போகும், ஒரு சாண் விலகினால் வழுக்கும். நாலாவது, அமெரிக்க உள்ளரங்குகளில் வளர்ந்த களிமண் தரை: ஈரப்பதத்தைக் கட்டிக் காத்து, சில இடங்களில் சர்க்கரைத் தண்ணீர்கூடத் தெளித்து, முள்ளே இல்லாத வழுவழுப்பான டயரில் ஓட்டுவது. கூரையும் தினசரிப் பராமரிப்பும் இல்லாமல் இந்த நாலாவதை நினைக்கவே வேண்டாம்.

நம் பக்கம் திறந்தவெளியில் எட்டக்கூடியது இரண்டாவதுதான்; அது நன்றாக அமைந்தால் மூன்றாவதாகத் தானே மாறும். கேள்வி, எந்த மண் என்பது. கரிசல் வேண்டாம். நனைந்தால் உப்பும், காய்ந்தால் விரல் போகும் அளவுக்குப் பிளக்கும்; அதன் மேல் எந்த ஜம்பும் ஒரு கோடையைத் தாங்காது. மணல் கலந்த சவுடு தனியாக நிற்காது, மூன்றாவது வாரம் திருப்பங்களில் பள்ளம் விழும். செம்மண் நல்ல தொடக்கம். அதில் களி குறைவாக இருந்தால் ஏரி வண்டலைக் கலந்து சரிசெய்யலாம்.

எவ்வளவு களி இருக்கிறது என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. ஒரு கண்ணாடி ஜாடியில் பாதி மண், மீதி தண்ணீர், நன்றாகக் குலுக்கி அப்படியே வைத்துவிட வேண்டும். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் படியும். வண்டல் அடுத்த சில மணி நேரத்தில். களி இறங்க ஒரு நாளுக்கு மேலும் ஆகும். அடுக்குகளை அளந்தால் விகிதம் தெரிந்துவிடும். மொத்தத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை களி இருந்தால் இடித்தால் இறுகும், காய்ந்தாலும் அதிகம் வெடிக்காது. அதற்கும் மேலே போனால் மழை நாளில் சறுக்கு, வெயில் நாளில் வெடிப்பு.

அளவுக்கு வருவோம். 15 செ.மீ. கனத்துக்குப் போட்டால் 56 கன மீட்டர். நம் ஊர்க் கணக்கில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். ஆக 20 யூனிட். இடித்தால் மண் அமுங்கும் என்பதால் 25 யூனிட் சொல்லி வைக்க வேண்டும், ஜம்புகளுக்கு அதற்கு மேல். முறையான அனுமதியோடு எடுக்கும் இடத்திலிருந்து மட்டும் வாங்குங்கள். மண் விஷயத்தில் மற்றவழிகள் பின்னால் தொல்லை தரும். மொத்தத்தையும் ஒரே தடவை கொட்டி ரோலர் விட்டால் மேல் பகுதி மட்டும்தான் இறுகும். ஐந்தைந்து செ.மீ.யாகப் பரப்பி, புட்டுப் பதத்துக்கு நனைத்து, அடுக்கடுக்காக உருட்ட வேண்டும். இந்த வேலையை நன்றாகத் தெரிந்தவர்கள் நம் ஊரில் உண்டு: கிரிக்கெட் பிட்ச் தயார் செய்பவர்கள். சேப்பாக்கத்தில் செம்மண் பிட்சும் கருமண் பிட்சும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. எந்த மண்ணை எந்த ஈரத்தில் உருட்ட வேண்டும், எப்போது விட்டுவிட வேண்டும் என்பது அவர்களுக்குக் கைவந்த கலை. உள்ளூர் மைதானத்தில் அப்படி ஒருவர் இருந்தால், வெளிநாட்டு ட்ராக் வீடியோக்களைப் பார்ப்பதைவிட அவரிடம் ஒரு மணி நேரம் பேசுவது மேல்.

இனி தண்ணீர். மண் ட்ராக்கின் உண்மையான செலவு இங்கேதான் இருக்கிறது. ஈரம் இருக்கும்வரை களித்துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். காய்ந்ததும் மேல் தோல் பொடியாகும், டயர் கெட்டித்தரையைத் தொடாமல் பொடியின் மேலேயே ஓடும். அந்தப் பொடி பேரிங்கிலும் மோட்டாரிலும் ஷாக் அப்சார்பரின் சீலிலும் போய் உட்காரும். 375 சதுர மீட்டருக்கு 2 மி.மீ. அளவு தெளித்தால் 750 லிட்டர். மே மாதத்தில் ஒரு பந்தய நாளில் மூன்று தடவையாவது தெளிக்க வேண்டிவரும்: 2,250 லிட்டர். மாதம் நாலு ஞாயிறு என்றால் 9,000 லிட்டர், ஒரு டேங்கர் லாரி. கிணறோ போர்வெல்லோ இருக்கிற இடத்தில் இது பெரிய விஷயமில்லை. குடிக்கத் தண்ணீர் வாங்குகிற பகுதியில் இதைச் செய்ய எனக்கு மனம் வராது. அங்கே மண்ணை விட்டுவிடலாம்.

கால்சியம் குளோரைடு தெளித்தால் தண்ணீர் மிச்சமாகும் என்று சொல்வார்கள். சொல்வது சரிதான். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் தரையில் வைத்துக்கொள்ளும். ஆனால் இழுக்கக் காற்றில் ஈரம் வேண்டும்: கடலோரத்தில் நன்றாக வேலை செய்யும், உள்மாவட்டத்துக் கோடையில் அவ்வளவாகச் செய்யாது. அது ஓர் உப்பு என்பதையும் மறக்கக் கூடாது. எஃகுத் திருகுகளும் பேரிங்குகளும் துருப்பிடிக்கும், பக்கத்தில் செடி இருந்தால் கருகும். விவசாய நிலத்தின் ஓரத்தில் ட்ராக் என்றால் நான் தொடமாட்டேன்.

இவ்வளவு தொல்லை சொன்ன பிறகும் மண்ணின் பக்கம் நிற்க எனக்குக் காரணம் உண்டு. காலையில் ஈரமாக இருந்த திருப்பம் மதியம் வழுக்கும், சாயங்காலம் பந்தயக் கோடு இரண்டு அடி தள்ளிப் போயிருக்கும். ஓட்டுபவர் தரையை ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகப் படிக்க வேண்டும். த்ராட்டிலை மெல்லத் திறக்கும் விரல் மண்ணில்தான் வளரும். இன்னொன்று, புதியவர்கள். முதல் காராக ஒரு டபிள்யூஎல்டாய்ஸோ டாமியாவோ ட்ராக்ஸஸ் ஸ்லாஷோ கொண்டுவரும் பையன், பெட்டியிலிருந்து எடுத்த டயரோடு மண்ணில் அன்றே ஓட்டலாம். உறுப்பினர் சேர்க்க வேண்டிய குழுவுக்கு இதைவிடப் பெரிய வசதி வேறு இல்லை.

செயற்கைப் புல்

இங்கிலாந்துக்காரர்கள் இதில் முன்னோடிகள். அங்கே ஆரம்ப காலத்தில் வெறும் புல்தரையில் ஓட்டினார்கள். மழை பெய்தால் சேறு, அடுத்த வாரமும் சேறு. மணல் தூவிய குட்டைச் செயற்கைப் புல் விரித்த பிறகு தூறலிலேயே பந்தயம் நடக்கும் நிலை வந்தது. குச்சி குச்சியாகச் சிறு முட்கள் நெருக்கி வைத்த மினி பின் டயர் இந்தத் தரையோடு சேர்ந்து பிறந்தது போல ஆகிவிட்டது. ஷூமாக்கர் நிறுவனத்தின் மஞ்சள் மினி பின்னைத் தெரியாத ஐரோப்பிய ஓட்டுநர் குறைவு.

நம் ஊரில் செயற்கைப் புல் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது தெருவுக்குத் தெரு முளைத்திருக்கும் கால்பந்து டர்ஃப். அது உதவாது. அதன் புல் 40, 50 மி.மீ. உயரம், இடையில் ரப்பர் துகள். 1/10 பக்கியின் அடித்தட்டுக்கும் தரைக்கும் இடைவெளியே 20 மி.மீ. சுற்றுவட்டாரம்தான். கார் புல்லில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு போகும், மோட்டார் சூடாகும், ரப்பர் துகள் கியரில் போகும். மாடித் தோட்டத்துக்கு விற்கும் அலங்காரப் புல்லும் வேண்டாம், அது மெத்தென்று மடங்கும். கிரிக்கெட் வலைப்பயிற்சிப் பிட்சுக்கு விரிக்கும், 10 மி.மீ. அளவுள்ள அடர்த்தியான குட்டைப் புல்தான் நமக்கு நெருக்கமானது.

புல்லை விரிப்பது சுலபம், அடித்தளம்தான் வேலை. தண்ணீர் வடியும் சரிவோடு, கிராவல் போட்டு இடித்த தரை வேண்டும். கரிசல் பூமியில் அந்தக் கரிசலை ஓரளவு தோண்டி எடுத்துவிட்டுத்தான் அடித்தளம் போட வேண்டும், இல்லையென்றால் முதல் மழையிலேயே அலை அலையாக மேடுபள்ளம் வரும். 4 மீட்டர் அகல ரோல் கிடைத்தால் நம் இடத்துக்கு நாலு ரோல், மூன்று இணைப்பு. 2 மீட்டர் ரோல் என்றால் எட்டு ரோல், ஏழு இணைப்பு. ஒவ்வொரு இணைப்பும் பின்னாளில் பிரியக்கூடிய இடம் என்பதால் அகல ரோலுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும். எல்லா ரோலின் புல்லும் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். மாற்றி விரித்தால் இணைப்பைத் தாண்டும் இடத்தில் பிடிமானம் மாறும்.

குறை என்றால், வெயில். நேரடி வெயிலில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். ஐரோப்பியக் குளிருக்காகச் செய்த மென்மையான ரப்பர் டயர் அந்தச் சூட்டில் குழைந்து சீக்கிரம் தேயும். கடினமான கலவை வாங்க வேண்டும், பந்தயத்தைக் காலை பத்து மணிக்குள்ளோ மாலை நாலரைக்கு மேலோ வைக்க வேண்டும். கார்களை எடுத்துவைக்கத் திருப்பங்களில் நிற்கும் மார்ஷல்கள் அந்தத் தரையில்தான் நிற்கிறார்கள் என்பதையும் நினைக்க வேண்டும். தூவிய மணல் பேரிங்கை அரிக்கும், ஆனால் மண் ட்ராக் புழுதி அளவுக்கு இல்லை. அப்புறம், பாதையமைப்பு. பைப் போட்டுப் பிரித்த பாதையை மாற்றலாம், புல்லுக்கு அடியில் எழுப்பிய ஜம்பை மாற்றுவது கஷ்டம். ஒரே பாதையில் ஆறு மாதம் ஓட்டினால் பழகியவர்களுக்குச் சலிப்புத் தட்டும். மேலே தூக்கி வைக்கும் மரப்பலகை ஜம்புகளாகச் செய்து, அதே புல்லை அவற்றின் மேல் ஒட்டினால் இந்தக் குறை பாதியாகும்.

கார்ப்பெட்

கூரை இருந்தால்தான் கார்ப்பெட். கூரை இல்லாதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

ஐரோப்பாவில் குளிர்காலத்தில் மண்டபங்களுக்குள் ஓட்டிப் பழகி, யூரோ ஆஃப்ரோடு சீரிஸ் போன்ற தொடர்களால் கார்ப்பெட் பரவியது. தரை காலையிலும் சாயங்காலமும் ஒரே மாதிரி இருக்கும். தண்ணீர் வேண்டாம், புழுதி இல்லை, டயர் மாதக்கணக்கில் உழைக்கும். காரைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ஷாக் எண்ணெயை மாற்றினால் அதன் விளைவு அடுத்த ஓட்டத்திலேயே தெரியும், ஏனென்றால் மாறியது அது ஒன்றுதான். காரை அமைப்பதில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல பள்ளி கிடையாது.

பிடிமானம்தான் இங்கே பிரச்சினை, குறைவால் அல்ல, மிகுதியால். 1/10 பக்கியின் அகலம் அதிகபட்சம் 250 மி.மீ. திருப்பத்தில் டயர் வழுக்கி விட்டுக்கொடுத்தால் கார் நிமிர்ந்தே இருக்கும். வழுக்காமல் பிடித்துக்கொண்டால் பக்கவாட்டு விசை முழுவதும் காரைக் கவிழ்க்கப் பார்க்கும். எடையின் மையம் எவ்வளவு உயரமோ அவ்வளவு சுலபமாக உருளும். அதனால்தான் கார்ப்பெட் பக்கிகள் தாழ்ந்து கிடக்கின்றன, முன் டயரின் பக்கச் சுவரில் சூப்பர் க்ளூ பூசி அந்த விளிம்பின் பிடியைக் குறைக்கிறார்கள். இதெல்லாம் தெரிந்தவருக்குப் பத்து நிமிட வேலை. உயரமாக நிற்கும் முதல் காரோடு வரும் பையனுக்கோ முதல் திருப்பத்திலேயே கார் மல்லாந்துவிடும், இரண்டாவது வாரம் அவன் வரமாட்டான். கார்ப்பெட் போடும் குழு, புதியவர்களுக்கு டயரும் யோசனையும் கொடுக்க ஓர் ஆளை ஒதுக்கியே ஆக வேண்டும்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. கல்யாணப் பந்தலில் விரிக்கும் மெல்லிய கார்ப்பெட் மலிவாகக் கிடைக்கும், ஆசை காட்டும். அது இழுபடும், கிழியும், அதன் நார் அச்சில் சுற்றி பேரிங்குக்குள் போகும். பந்தயத்துக்கு வேண்டியது அடர்த்தியாக ஊசியால் குத்தி இறுக்கிய, கனமான, வரிகள் இல்லாத வகை. அதையும் சமமான சிமென்ட் தரையில்தான் விரிக்க வேண்டும். கூரை தகரம் என்றால் உள்ளே இருக்கும் மனிதர்களுக்குக் காற்று வேண்டும், பெரிய மின்விசிறிகளுக்கான பணத்தைக் கார்ப்பெட்டின் செலவோடு சேர்த்தே எழுதிவையுங்கள். நைட்ரோ எஞ்சினை மூடிய இடத்தில் ஓட்ட முடியாது என்பதால் உங்கள் குழுவில் நைட்ரோக்காரர்கள் இருந்தால் அவர்கள் வெளியே நிற்க வேண்டிவரும்.

கலந்து போடலாமா?

மண் ட்ராக்கில் ஜம்பின் ஏறும் முகத்திலும், எல்லோரும் பிரேக் பிடிக்கும் இடத்திலும்தான் மண் முதலில் பெயரும். அந்த இடங்களில் மட்டும் ஒரு துண்டுச் செயற்கைப் புல்லைப் பதித்துவிட்டால் பராமரிப்பு நிறையக் குறையும். இது நல்ல ஏற்பாடு, நான் பரிந்துரைப்பேன். ஆனால் பாதி ட்ராக் புல், பாதி மண் என்று போனால் எந்த டயரும் பொருந்தாது, எல்லோரும் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் ஓட்ட வேண்டும். அதையே சவாலாக ரசிப்பவர்கள் இருந்தால் சரி.

நான் எதைப் போடுவேன்

இடம் வாடகைக்கா சொந்தமா என்று முதலில் கேட்பேன். மண்ணில் போட்ட உழைப்பு நிலத்தோடு போய்விடும். இடத்தைக் காலிசெய்யச் சொன்னால் 25 யூனிட் செம்மண்ணைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. புல்லை ஓரளவு கழற்றி எடுத்துப் போகலாம், அடித்தளத்தை முடியாது. கார்ப்பெட்டைச் சுருட்டி ஒரு வேனில் ஏற்றிவிடலாம். பதினொரு மாத ஒப்பந்தத்தில் ஒரு பழைய அரிசி ஆலைக் கிடங்கு கிடைத்தால் கார்ப்பெட்தான் என் தேர்வு, யோசிக்கவே வேண்டாம்.

திறந்தவெளி, நாலைந்து ஆண்டு நிச்சயம், பக்கத்தில் கிணறு, சனிக்கிழமை சாயங்காலம் வந்து தண்ணீர் விட இரண்டு பேர். இது நாலும் இருந்தால் மண். அந்த இரண்டு பேர் யார் என்று பெயர் சொல்ல முடியாவிட்டால் மண் வேண்டாம். நல்ல ட்ராக்குகள் மண்ணால் கெடுவதில்லை, அந்தச் சனிக்கிழமை வேலைக்கு ஆள் இல்லாமல் போவதால்தான் கெடுகின்றன. ஆள் இல்லை, பணம் இருக்கிறது என்றால் நேரே செயற்கைப் புல்லுக்குப் போய்விடலாம், அதில் தவறே இல்லை.

மண்ணைத் தொடக்கமாக எடுப்பதற்கு இன்னொரு வலுவான காரணம் உண்டு, இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. வடிகால் சரிவோடு, அடுக்கடுக்காக இடித்துப் போட்ட செம்மண் தரை ஓர் ஆண்டு மழையில் அமர்ந்த பிறகு, செயற்கைப் புல்லுக்கு அடித்தளமாக மாறும். ஜம்புகளைச் சீவி, மேலே மெல்லிய கிராவல் அடுக்கு போட்டால் போதும். அந்த ஓர் ஆண்டில் எத்தனை பேர் தொடர்ந்து வருகிறார்கள், எந்த இடத்தில் தண்ணீர் தேங்குகிறது, பாதை எப்படி இருந்தால் நெரிசல் இல்லை என்பதெல்லாம் தெரிந்துவிடும். முதலில் புல் போட்டுவிட்டுப் பிறகு இவற்றைக் கண்டுபிடித்தால் திருத்த வழியில்லை. அதனால் சரிவை மட்டும் முதல் நாளே சரியாக வையுங்கள்: நீளவாக்கில் நூற்றுக்கு ஒன்று, 25 மீட்டருக்கு 25 செ.மீ. இறக்கம். ஓட்டும்போது கண்ணுக்கே தெரியாது, மழை நின்றால் தண்ணீர் தானே வெளியேறும்.

காலத்தையும் பார்த்துச் செய்ய வேண்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்து தரையில் ஈரம் மிச்சமிருக்கும் ஜனவரி, பிப்ரவரியில் மண் வேலையைத் தொடங்கினால் உருட்டத் தேவையான தண்ணீரில் ஒரு பங்கு தரையிலேயே இருக்கும். மார்ச்சில் ஓட்ட ஆரம்பிக்கலாம். அக்டோபரில் மழை வரும் முன் ஜம்புகளுக்கு மட்டுமாவது தார்ப்பாய் வாங்கி வையுங்கள். தட்டையான பகுதியை மழை பெரிதாகக் கெடுக்காது, ஜம்பின் விளிம்பைத்தான் கரைக்கும். புல் போடுவதாக முடிவானால் ஒட்டும் வேலையை ஏப்ரல், மே வெயிலில் வைத்துக்கொள்ளலாம். பசை நன்றாகப் பிடிக்கும், ரோலும் சூட்டில் இளகிச் சமமாகப் படியும்.